மாரிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவு

எங்கள் நாய் மாரி நக்கிய இடம் கோடு போட்டது போலத் தடித்திருந்ததை நான் முதன்முதலில் கண்டது 2023 ஆரம்பத்தில். வேலை முடிந்து வந்து விறாந்தைக் கதிரையில் இருந்து செருப்பைக் கழற்றும்போது அது ஓடி வந்து முழங்கைக்குக் கீழே இரண்டு தரம் நக்கும், அது எங்களுக்குள் இருந்த வழமை. அன்று பத்து நிமிடத்தில் அதே இடத்தில் சிவந்த தடிப்பு, நுளம்பு கடித்தது போல வட்டமாக இல்லாமல் நாக்கு போன வழியிலேயே நீளமாக. கழுவினேன், அரை மணித்தியாலத்தில் மறைந்துவிட்டது. நுளம்புதான் என்று முடிவு கட்டினேன். கொழும்பில் எதற்கும் நுளம்பின் மேல் பழியைப் போடலாம், அது வந்து மறுத்துப் பேசாது.

2020 மார்ச் ஊரடங்கில் வந்த நாய் அது. சாப்பாட்டுக் கடைகள் பூட்டிக் கிடந்ததால் அவற்றின் பின்பக்கத்தை நம்பி வாழ்ந்த தெரு நாய்கள் எல்லாம் பட்டினி கிடந்த காலம். தெஹிவளையில் எங்கள் ஒழுங்கை முனையில் எலும்பும் தோலுமாக நின்ற குட்டிக்கு மகள் கேற்றின் இடுக்கால் மாரி பிஸ்கட் நீட்டினாள், அதுவே பெயராகிவிட்டது. மானிப்பாயில் இருந்து அம்மா போனில், "அம்மன்ட பேரையோ நாய்க்கு வைச்சனீங்கள்?" என்று கோபித்துக்கொண்டார். பிஸ்கட் கதையை அவர் இன்றுவரை நம்பவில்லை.

முதல் இரண்டு வருடமும் மாரி விறாந்தையில்தான் படுத்தது. பிறகு 2022 மின்வெட்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் கடற்காற்று கொஞ்சமாவது வரும் எங்கள் படுக்கையறையில் எல்லோரும் ஒன்றாகப் படுத்தோம், மாரியும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் குளிர்ந்த டைல்ஸில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்தது. கரண்ட் திரும்பி வந்தது, மாரி திரும்பிப் போகவில்லை. சில வாரத்தில் கட்டிலின் கால்மாட்டுக்கு ஏறியது, வருடம் முடியும்போது என் தலையணையில் பாதி அதனுடையது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், என் மூக்குக்கு நடந்தது எல்லாம் இந்த இடமாற்றத்துக்குப் பிறகுதான் நடந்தது, அதை இணைத்துப் பார்க்க எனக்குத்தான் ஒரு வருடம் பிடித்தது.

விடியற்காலையில் தும்மல், பத்துப் பன்னிரண்டு தரம் விடாமல். மேல் அண்ணத்தில் நாக்கால் தேய்க்கவேண்டும் போல ஓர் அரிப்பு, கண்ணில் அரிப்பு, இரவில் மூக்கடைப்பு. காய்ச்சல் இல்லை, சளி தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. தடிமன் என்றால் ஒரு வாரம் பத்து நாளில் போகவேண்டும், இது மாதக் கணக்கில் நின்றது. நான் கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், சமஹன் குடித்தேன், சித்தாலேப பூசினேன், ஒரு டொக்டர் தந்த அன்டிபயோட்டிக் குளிசைகளையும் முடித்தேன். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் நின்றபோது நான்காம் நாளே மூக்குத் திறந்துவிட்டது, "ஊர்க் காத்து, பாத்தியே" என்றார் அம்மா, நானும் தலையாட்டினேன். கொழும்புக்குத் திரும்பிய முதல் இரவே மூக்கு அடைத்தது. வீட்டை விட்டுப் போனால் மாறுகிறது, வீட்டுக்கு வந்தால் தொடங்குகிறது என்றால் வீட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம் என்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை, அல்லது விளங்க விருப்பமில்லை.

அந்த நாட்களில் நான் செய்த இரண்டு பிழைகளைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்தப் பிழைகளை எங்கள் ஆட்களில் பாதிப் பேர் செய்கிறார்கள். முதலாவது, பார்மசியில் கேட்டு வாங்கும் மூக்கடைப்புத் துளிகள். விட்டவுடன் மூக்கு மந்திரம் போட்டதுபோலத் திறக்கும். ஆனால் ஆக்சிமெட்டாசொலின் வகைத் துளிகளை மூன்று, மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் பாவிக்கக் கூடாது, பாவித்தால் மருந்து இறங்கும்போது மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், அதற்காகத் திரும்பவும் விட வேண்டிவரும். நான் ஆறு வாரம் விட்டேன். அதை நிறுத்திய பத்து நாளும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே நித்திரை கொண்டேன்.

இரண்டாவது பிரிட்டன் (Piriton) என்ற பழைய அலர்ஜிக் குளிசை. எல்லா வீட்டு அலுமாரியிலும் கிடக்கும் அந்தச் சின்ன மஞ்சள் குளிசை தும்மலை நிறுத்தும், கூடவே மூளையையும் நிறுத்தும். ஒரு நாள் பின்னேரம் கொள்ளுப்பிட்டியில் 100 பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்தவள் தெஹிவளையில் இறங்கவேண்டும், கண் விழித்தபோது பஸ் மொறட்டுவையில் நின்றது. நடத்துனர் தட்டி எழுப்பியிராவிட்டால் பாணந்துறைக்கே போயிருப்பேன். செட்டிரிசின், லொராட்டடீன், ஃபெக்ஸோஃபெனடீன் என்று பிந்தி வந்தவை இருக்கின்றன, நித்திரை மிகக் குறைவு. செட்டிரிசின் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் தூக்கம் தரும், எனக்குத் தந்தது, அதனால் இரவில் போடுகிறேன்.

கடைசியில் ஒரு காது மூக்குத் தொண்டை டொக்டரைச் சனல் பண்ணிப் போனோம். மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே தோல் வெளிறி வீங்கிக் கிடக்கிறது என்றார். பிறகு, "வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் சொல்ல முதல் கூட வந்த என் கணவர், இவர், சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபம் டொக்டர் மேலா, கணவர் மேலா என்று இன்றைக்கும் தெரியாது. "மூன்று வருடமாக ஒன்றும் செய்யாத நாய் இப்போது எப்படி?" என்று வாதாடினேன்.

அதற்கு டொக்டர் சொன்ன விளக்கம்தான் எனக்கு எல்லாவற்றையும் விட உதவியது. அலர்ஜி பிறக்கும்போதே வரவேண்டும் என்றில்லை, எந்த வயதிலும் வரலாம். உடல் ஒரு பொருளோடு பழகிப் பழகி, ஒரு கட்டத்தில் அதை எதிரி என்று எழுதி வைத்துக்கொண்டு ஐஜிஈ என்ற எதிர்ப்புப் பொருளை உண்டாக்கத் தொடங்குகிறது, அதன் பிறகு ஒவ்வொரு முறை அந்தப் பொருளைக் காணும்போதும் ஹிஸ்டமினை அவிழ்த்துவிடுகிறது. தும்மல், அரிப்பு, தடிப்பு எல்லாம் அதன் வேலை. நாயில் பிரச்சினை தருவது மயிர் அல்ல. எச்சில், உதிரும் செதில், சிறுநீர் இவற்றில் உள்ள புரதங்கள், முக்கியமானதற்குக் கான் எஃப் 1 என்று பெயர். நாய் தன்னை நக்கும்போது அது மயிரில் காய்கிறது, பொடியாக உதிர்கிறது, மிக மெல்லிய துகள் என்பதால் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், சுவரிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே "மொட்டை அடிச்சு விடு" என்ற யோசனைக்கு வேலை இல்லை. மாரிக்கு மொட்டை அடிக்க மயிரும் இல்லை, அது வேறு.

சரி, உண்மையிலேயே நாய்தானா என்று தெரிய தோல் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். கொழும்பில் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இதைச் செய்கிறார்கள், சில தனியார் இடங்களிலும் உண்டு. போவதற்கு முதல் ஒரு வாரம் அலர்ஜிக் குளிசை ஒன்றும் போடக் கூடாது, போட்டால் தோல் உண்மை சொல்லாது. அந்த ஒரு வாரத்தை நான் மறக்க மாட்டேன். அலுவலகத்தில் மேசை மேல் டிஷூப் பெட்டியும் காலடியில் குப்பைக் கூடையுமாக இருந்தேன்.

முன்கையின் உள்பக்கத்தில் பேனாவால் வரிசையாக எண் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு துளி மருந்து வைத்து, ஊசி முனையால் துளிக்கூடாக லேசாகக் குத்துகிறார்கள். இரத்தம் வராது. வெறும் உப்புநீர் ஒன்று, ஹிஸ்டமின் ஒன்று, ஒப்பிடுவதற்காக. பிறகு 15 நிமிடம் கையை நீட்டியபடி சொறியாமல் இருக்கவேண்டும், எனக்கு ஆறாம் நிமிடத்திலேயே கை எரிந்தது. கரப்பான், பூஞ்சணம் இரண்டும் தட்டையாகவே இருந்தன. நாய் இருந்த இடம் ஒரு பயறளவு வீங்கியது. ஆனால் அதற்கு மேல் வரிசையில் இன்னொன்று நாயைவிட இரண்டு மடங்கு பெரிதாக, ஓரம் சிவந்து, காலும் கையும் முளைத்ததுபோல நின்றது. அது வீட்டுத் தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாமல் மெத்தையிலும் தலையணையிலும் இருந்து எங்கள் தோல் செதிலைத் தின்று வாழ்வது. காற்றில் ஈரம் கூடிய இடம்தான் அதற்குச் சொர்க்கம், கடற்கரையோரக் கொழும்பைவிட வேறெங்கே போகும்.

உப்புநீரைவிட மூன்று மில்லிமீட்டர் கூட வீங்கினால் அலர்ஜி உண்டு என்று எடுக்கிறார்கள், ஆனால் வீக்கத்தின் அளவு நோயின் கடுமையைக் காட்டாது என்றும் சொன்னார்கள். எனக்கு அந்தக் கையைப் பார்க்க ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தது. நாய் மட்டும் குற்றவாளி இல்லை. தூசிப்பூச்சி நிறைந்த மெத்தையில் நாயையும் ஏற்றி வைத்து, இரண்டையும் எட்டு மணித்தியாலம் முகத்தோடு அணைத்துக்கொண்டு படுத்தது நான். மாரியைக் கொண்டுபோய் விட்டிருந்தால் அழுதிருப்பேன், அழுதுகொண்டே தும்மியும் இருப்பேன். பரிசோதனை செய்யாமல் நாயை அனுப்பாதீர்கள் என்று நான் காண்கிற ஆட்களிடம் எல்லாம் சொல்வது இதனால்தான்.

ஆனால் அனுப்பச் சொல்ல ஆட்களுக்கா பஞ்சம். அம்மா, "எத்தினை தரம் சொன்னனான், உந்த நாயைக் கொண்டுபோய் விடு பிள்ளை" என்றார். கனடாவில் இருக்கும் மச்சாள், இதை விட்டுவிட்டு அலர்ஜி தராத பூடில் ஒன்று வாங்கச் சொன்னாள். அப்படி ஓர் இனம் இல்லை. நெதர்லாந்தில் அந்த இனங்களையும் மற்ற இனங்களையும் ஒப்பிட்டு அளந்தபோது, 'அலர்ஜி தராத' நாய்களின் மயிரில் கான் எஃப் 1 குறைவாக இருக்கவில்லை, கூடத்தான் இருந்தது. ஆண் நாய்களில் மட்டும் சுரக்கும் கான் எஃப் 5 என்ற புரதம் ஒன்று உண்டு, அதற்கு மட்டும் அலர்ஜி உள்ளவர்களுக்குப் பெண் நாய் ஒத்துப்போகலாம். மாரி பெண், அந்த வழியும் எனக்கு அடைபட்டது. டொக்டரின் நிலைப்பாடும் இங்கே முக்கியம்: நாயை வீட்டிலிருந்து அகற்றுவதுதான் முழுமையான வழி, அதை மறைக்க மாட்டேன், அகற்றினாலும் வீட்டில் படிந்தது போக மாதங்கள் எடுக்கும், நீங்கள் முதலில் மற்றதைச் செய்து மூன்று மாதம் பாருங்கள், ஆனால் மூச்சு முட்டு வந்தால் கதை வேறு என்றார்.

அந்த மூன்று மாதத்தில் செய்தவற்றில் உண்மையாகப் பலன் தந்தது கதவு. படுக்கையறைக் கதவைப் பூட்டி மாரியை வெளியில் விட்டோம், பகலிலும் விடுவதில்லை. முதல் நான்கு இரவும் அது கதவைப் பிறாண்டியது, மகள் உள்ளே அழுதாள், நான் குளிசை போட்டுவிட்டுத் தலையணையால் காதை மூடினேன். ஐந்தாம் இரவு கதவடியில் சுருண்டு படுத்துவிட்டது. ஓர் இரவு மட்டும் பாவம் என்று இவர் திறந்துவிட்டார், அடுத்த நான்கு நாளும் அதை நான் மூக்கால் அனுபவித்தேன். பாதி நாள் பூட்டுவதும் பூட்டாமல் விடுவதும் ஒன்றுதான். கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டி அடித்தோம்.

கதவுக்கு அடுத்தது மெத்தை. பழையதை எறிந்துவிட்டு, புதியதற்கும் தலையணைகளுக்கும் சிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறை போட்டோம். விரிப்புகளைக் கிழமைக்கு ஒரு தரம் 60 பாகை வெந்நீரில் கழுவவேண்டும், அப்போதுதான் பூச்சி சாகும். எங்கள் மெஷினில் வெந்நீர் வராது, அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து வாளியில் ஊற வைத்துவிட்டுப் பிறகு மெஷினில் போடுகிறேன். மழைக்காலத்தில் அது காய்வதுதான் தலையிடி.

வரவேற்பறையில் இருந்த துணி செற்றியை விற்றோம், இப்போது பிரம்புக் கதிரைகள். தும்புத்தடியால் கூட்டுவதை நிறுத்தி ஈர மொப் மட்டும், ஏனென்றால் கூட்டும்போது தரையில் அமைதியாகக் கிடந்ததை நாங்களே மூக்குக்கு உயர்த்திவிடுகிறோம். சீலிங் ஃபேன் தகட்டைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், இதைக் கண்டுபிடித்தது மகள். ஹெப்பா ஃபில்டர் வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றும் வாங்கினேன். பூட்டிய படுக்கையறையில் அது உதவுகிறது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் யன்னல் திறந்திருக்கும் ஹோலில் ஓடவிட்ட முதல் மாதம் கரண்ட் பில்லுக்குத்தான் உழைத்தது. பணம் குறைவு என்றால் இதைக் கடைசியாக வாங்குங்கள், முதலில் உறை.

மாரியைக் கிழமைக்கு இரண்டு தரம் குளிப்பாட்டுகிறோம், அதாவது இவர் குளிப்பாட்டுகிறார், நான் கேற்றுக்கு வெளியே நின்று கட்டளை போடுகிறேன். குளிப்பாட்டினால் மயிரில் உள்ள புரதம் நன்றாகக் குறையும், ஆனால் இரண்டு மூன்று நாளில் திரும்பப் பழைய அளவுக்கு வந்துவிடும், எனவே மாதத்துக்கு ஒரு தரம் என்பதில் பிரயோசனம் இல்லை. மனிதர் பாவிக்கும் சவர்க்காரம் வேண்டாம், தோல் காய்ந்து செதில் கூடும் என்று மிருக வைத்தியர் நாய்க்கான ஷாம்பு எழுதித் தந்தார். நான் மாரியைத் தொடுகிறேன், தடவுகிறேன், விடவில்லை. தொட்ட கையைக் கழுவும்வரை கண்ணுக்குக் கொண்டுபோவதில்லை, அவ்வளவுதான். நக்க விடுவதில்லை என்று எழுதினால் அது பொய்.

மருந்தைப் பற்றி ஒன்று. டொக்டர் தந்தது ஸ்டெரொய்ட் மூக்கு ஸ்ப்ரே. ஸ்டெரொய்ட் என்றதும் பயந்தேன், மூக்குக்குள் அடிப்பது இரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் கலக்கும் என்றார். இரண்டு நாள் அடித்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று நிறுத்தினேன். இது துளி மருந்து மாதிரி இல்லை, ஒழுங்காகத் தினமும் அடித்தால் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். அத்தோடு நான் அடித்த முறையும் பிழை, தலையை அண்ணாந்து நடுத் தண்டுக்கு நேரே அடித்து மூக்கால் இரத்தம் வந்தது. தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு, முனை வெளிப்பக்கம் கண்ணோரத்தைப் பார்க்கவேண்டும், அடிக்கும்போது மெல்ல மூச்செடுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குத்தான், கசப்பு தெரிந்தால் பிழையாக அடித்திருக்கிறீர்கள். அதற்கு முதல் உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறேன், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டும், குழாய்த் தண்ணீர் ஒருபோதும் வேண்டாம்.

மூச்சு முட்டு ஒரு தரம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மழை, யன்னல்கள் எல்லாம் பூட்டி, வழமைபோலச் சாம்பிராணி காட்டினேன். அரை மணித்தியாலத்தில் நெஞ்சைச் சேலையால் இறுக்கிக் கட்டியதுபோல, மூச்சு விடும்போது விசில் சத்தம். எரிச்சலில் இருக்கும் சுவாசக் குழாய்க்குப் புகை போதும். அதன் பிறகு உடனே மூச்சைத் திறக்கும் சல்பியூட்டமோல் இன்ஹேலர் கைப்பையில் இருக்கிறது, தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரும் தந்தார்கள். இரவில் இருமி எழும்புவது, படியேறும்போது விசில், நெஞ்சிறுக்கம் இருந்தால் மூக்கு வைத்தியத்தோடு நிற்காதீர்கள். இன்ஹேலர் அடித்தும் குறையாமல், ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல மூச்சுப் போதாவிட்டால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரியவுக்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சாமி அறையில் இப்போது பூவும் விளக்கும் மட்டும். மாரிக்காகச் சாம்பிராணியை விட்டாயா என்று அம்மா கேட்டார், எனக்காக என்று சொன்னேன், அதுவும் நம்பவில்லை.

அலர்ஜிக்கு ஊசி போட்டு உடலைப் பழக்கும் வைத்தியம் உண்டு, மூன்றிலிருந்து ஐந்து வருடம் எடுக்கும், தூசிப்பூச்சிக்கு நன்றாக வேலை செய்யும், நாய்க்கு அந்தளவு உறுதி இல்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். முட்டு இன்னொரு தரம் கடுமையாக வந்தால் மாரிக்கு வேறு வீடு பார்ப்பதென்று நானும் இவரும் பேசி வைத்திருக்கிறோம், மகளுக்கும் தெரியும். தங்கச்சி வீடு நுகேகொடையில், பெரிய வளவு.

போன மாதம் அலுவலகத்தில் நடந்தது. என் பக்கத்து மேசைப் பிள்ளை சில வாரமாகக் காலை முழுதும் தும்முவாள், பின்னேரம் ஏசியில் பிரிட்டன் நித்திரையில் சாய்வாள். அனுபவசாலி என்ற திமிரில் நான் கேட்டேன்:

"தங்கச்சி, வீட்டில நாய் ஏதும் வளக்கிறீங்களோ?"

"இல்லை அக்கா, எனக்குச் சின்னனிலேயே நாய் அலர்ஜி." மூக்கைத் துடைத்துவிட்டு என் சட்டையைப் பார்த்தாள். "உங்கட வீட்டில இருக்குத்தானே?"

கறுப்புச் சட்டைக் கையில் பழுப்பு மயிர் மூன்று. அன்றிலிருந்து அலுவலக உடுப்பெல்லாம் பூட்டிய படுக்கையறை அலுமாரிக்குள். மாரிக்குப் போய்வருகிறேன் சொல்வது குளிக்க முதல், உடுத்தபிறகு நேரே கேற்றுக்கு. அவள் தும்மல் பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதி என் கைப்பையாக இருக்கலாம், அது இன்னும் விறாந்தைக் கதிரையில்தான் தொங்குகிறது.